இருபத்தைந்தாவது சுற்று

நவம்பர் 4, திங்கள்

முழங்கால் வலியைத் தினமும் எழுதி வைக்க வேண்டுமாம். பிசியோதெரபி பெண் நூர்ஜஹானின் உத்தரவு. எத்தனை மணிக்கு வலித்தது, என்ன செய்தபோது வலித்தது, பத்துக்கு எத்தனை மார்க். "வாயால கேட்டா எல்லாத்துக்கும் பரவால்ல பரவால்லன்னுதான் சொல்றீங்க. எழுதிக் காட்டுங்கக்கா" என்றாள். சரி, எழுதிக் காட்டுகிறேன். ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி ஒன்று ஜனவரியிலிருந்து சும்மாதான் கிடக்கிறது.

காலை 5. மாலை 7. வீட்டு மாடிப்படி பதினெட்டு, அலுவலகப் படி பன்னிரண்டு. நாள் முழுக்கத் தபால் அலுவலகக் கவுன்ட்டரில் உட்கார்ந்தேதான் இருக்கிறேன், அதற்கே இந்த வலி. ஒரு காலத்தில் பத்தாயிரம் மீட்டர் ஓடிய கால் என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது.

நவம்பர் 5, செவ்வாய்

வலி 6. ஆதார் திருத்தத்துக்கு நாற்பத்திரண்டு பேர். ஒரு பெரியவருக்குக் கைரேகை விழவே இல்லை. துடைத்து, ஈரப்படுத்தி, மறுபடி துடைத்து, கடைசியில் அவர் என்னைத் திட்டிவிட்டுப் போனார். வேறொன்றுமில்லை.

நவம்பர் 9, சனி

நான் படித்த கல்லூரியிலிருந்து எமிலி மிஸ் போன் செய்தார். இப்போது அங்கே அவர்தான் விளையாட்டுத் துறைக்கு எல்லாமும். டிசம்பர் 14 பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி, இந்த வருஷம் அவர்கள் கல்லூரியில் நடக்கிறது, நான் சிறப்பு விருந்தினராம்.

"பத்தொம்பது வருஷமா ஒருத்தியும் உடைக்கல பிலோமினா! முப்பத்தஞ்சு நிமிஷம் அம்பத்திரண்டு செகண்டு. நீ மேடையில உக்காந்திருக்கணும், உன் கண்ணு முன்னாடி எங்க மோனிஷா அதை உடைக்கணும். என்ன சொல்ற?"

லீவு கிடைக்காது மிஸ் என்றேன். அன்றைக்கு இரண்டாவது சனிக்கிழமை, உனக்கு என்ன லீவு வேண்டிக்கிடக்கிறது என்றார். இந்த அம்மாவிடம் அன்றும் தப்ப முடியாது, இன்றும் முடியவில்லை.

இருதயராஜுக்கு ஏக சந்தோஷம். என் வீட்டுக்காரருக்கு அந்த ஓட்டத்தைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும். பத்தாயிரம் மீட்டர் என்றால் மைதானத்தை இருபத்தைந்து முறை சுற்ற வேண்டும். யார் எத்தனை சுற்று முடித்தார்கள் என்று எண்ணுவதற்கு மாணவர்களை உட்கார வைப்பார்கள். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் சீட்டில் ஒரு கோடு போட வேண்டும். கடைசிச் சுற்று தொடங்கும்போது மணி அடிக்க வேண்டும். அன்றைக்கு எனக்குக் கோடு போட்டதும் மணி அடித்ததும் இவர்தான். பி.காம். இரண்டாம் ஆண்டு, ஒல்லியாக, தொப்பியோடு. பரிசளிப்பு முடிந்ததும் வந்து கைகுலுக்கினார். நான்கு வருஷம் கழித்துப் பெண் கேட்டு வந்தார். கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே போனாலும் "நான் மணியடிச்சுதான் இவ ஜெயிச்சா" என்று சொல்லாமல் சாப்பிட உட்கார மாட்டார்.

வலி எழுத மறந்துவிட்டேன். 5 இருக்கும்.

நவம்பர் 12, செவ்வாய்

காலையில் மைதானத்தில் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்பது நூர்ஜஹானின் அடுத்த உத்தரவு. இரண்டாவது சுற்றிலேயே ஒரு பெண் ஓடிவந்து என் முன்னால் நின்றாள். கரிக்குச்சி மாதிரி இருந்தாள். மூச்சு வாங்கவே இல்லை.

"அக்கா, நீங்க பிலோமினா அக்காதான? எங்க காலேஜ் வராண்டால உங்க போட்டோ இருக்குக்கா. நான் மோனிஷா."

துறையூர்ப் பக்கம். அப்பா லாரியில் கிளீனர், அம்மா பூக்கட்டுகிறார். போன வருஷம் இதே பல்கலைக்கழகப் போட்டியில் முப்பத்தாறு பதினான்கு ஓடி முதலில் வந்திருக்கிறாள். இருபத்திரண்டு விநாடி போதாமல் ரெக்கார்டு போயிற்றாம். இந்த வருஷம் கடைசி வருஷம். ரெக்கார்டை உடைத்தால் மேல்படிப்புக்கு இடமும் விடுதியும் இலவசம் என்று கல்லூரி நிர்வாகம் சொல்லியிருக்கிறது. உடைக்காவிட்டால் படிப்பு இதோடு சரி.

"ஒவ்வொரு சுத்தும் என்ன டைம்ல ஓடுனீங்கக்கா? மொத சுத்து வேகமாவா, மெதுவாவா?"

"மறந்துபோச்சும்மா. எத்தனை வருஷம் ஆச்சு" என்றேன்.

நவம்பர் 13, புதன்

வலி 4. தூக்கம் இல்லை. தூக்கத்துக்கு மார்க் போடச் சொல்லவில்லை.

நவம்பர் 18, திங்கள்

மைதானத்துக்கு வேறு நேரத்தில் போய்ப் பார்த்தேன். அப்போதும் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். காலையும் மாலையும் ஓடுகிறாளாம். கையில் பேனாவால் 86 என்று எழுதியிருந்தாள்.

"உங்க டைமை இருபத்தஞ்சால வகுத்தேன்க்கா. ஒரு சுத்துக்கு எம்பத்தாறு செகண்டு. நான் எம்பத்தேழு ஓடறேன். ஒரே ஒரு செகண்டுதான்! அது மட்டும் ஏன் வரமாட்டேங்குதுன்னு தெரியல. என்கிட்ட என்னமோ கொறையிதுக்கா."

உன்னிடம் ஒன்றும் குறையவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "நல்லா சாப்பிடு" என்றேன்.

எனக்கும் அதற்குப் பிறகு அந்த நேரம் வரவே இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அகில இந்தியப் போட்டியில் முப்பத்தேழு நாற்பது, பதினாறாவது இடம். பெரிய கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்றார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் தபால் துறை வேலை கிடைத்தது. துறை அணிக்காக ஐந்து வருஷம் ஓடினேன். முப்பத்தேழு முப்பது, முப்பத்தேழு முப்பத்தைந்து. வேலை கிடைத்ததும் உடம்பு வளைய மாட்டேன் என்கிறது என்று கோச் மூஞ்சிக்கு நேராகச் சொன்னார். அந்த ரோஷத்தில் நாளைக்கு முப்பது கிலோமீட்டர் ஓடினேன். முதலில் கெண்டைக்கால் எலும்பில் விரிசல். பிறகு முழங்கால். இருபத்தாறு வயதில் எல்லாம் முடிந்தது.

எண்பத்தாறு விநாடி எனக்கு அந்த ஒருநாள்தான் வந்தது. என்னமோ வந்தது.

நவம்பர் 22, வெள்ளி

வலி 6. இன்று ஒன்று பார்த்தேன். ஓட்டம் முடிந்து மோனிஷா உட்கார்ந்து, வலது கெண்டைக்காலின் முன் எலும்பில் ஒரே ஒரு இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்தியதும் முகம் சுருங்கியது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சட்டென்று காலுறையை ஏற்றிக்கொண்டாள்.

தசைவலி என்றால் காலெல்லாம் வலிக்கும். விரல் நுனி அளவு இடத்தில் வலித்தால் அது எலும்பு. எனக்குத் தெரியும், அதை வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஓடியவள் நான்.

"ஐஸ் வை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். டாக்டரிடம் போ, ஓடாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பாள். ரெக்கார்டு வேண்டாமா என்பாள்.

நவம்பர் 24, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து சங்கரா மீன் வாங்கி வந்தார் இருதயராஜ். அரிவாள்மனையில் செதில் எடுத்துக்கொண்டே, விழாவுக்கு எந்தச் சட்டை போடலாம் என்று என்னிடம் கேட்டார். நீலம் என்றேன். "மேடையில நீ பேசும்போது என்னையும் ரெண்டு வார்த்த சொல்லணும், ஆமா" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. வாழ்க்கையில் அவர் பெருமைப்பட்டுக்கொள்ள இருப்பது அந்த மணி ஒன்றுதான். அதை எப்படிப் பிடுங்குவது? இத்தனை வருஷமும் அவருக்காகத்தான் சொல்லவில்லை.

நவம்பர் 25, திங்கள்

சாப்பாட்டு இடைவேளை. சர்வர் வேலை செய்யவில்லை, கூட்டமும் இல்லை.

பதினெட்டாம் தேதி எழுதியது பொய். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழித்து என்ன ஆகப்போகிறது?

எனக்குச் சுற்று எண்ணும் வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விரலை மடக்குவேன். ஐந்தும் மடங்கியதும் கையை உதறிவிட்டு மறுபடி கட்டைவிரலில் தொடங்குவேன். ஐந்து கை, இருபத்தைந்து சுற்று. பள்ளிக்கூட நாளிலிருந்து ஒருதடவைகூடத் தப்பியதில்லை. அன்றைக்கு மணி அடித்தபோது ஐந்தாவது கையில் மூன்று விரல்தான் மடங்கியிருந்தது. இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. மணி ஒரு சுற்று முன்னாலேயே அடித்துவிட்டது.

நான் கையை மூடிக்கொண்டேன். வெறிபிடித்தவள் மாதிரி அந்தச் சுற்றை ஓடி முடித்து விழுந்தேன். எனக்கு அடுத்து வந்தவள் ஒரு சுற்றுக்கு மேல் பின்னால் இருந்தாள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தவர்கள் ரெக்கார்டு என்று கத்தினார்கள். எமிலி மிஸ் என்னைத் தூக்கி நிறுத்தி அழுதார். இனிமேல் ஓட எனக்குத் தெம்பில்லை, இன்னொரு சுற்று இருந்திருந்தால் செத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பொய்யாக வந்த நேரத்தை ஒரே ஒருமுறை உண்மையாக ஓடிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று ஐந்து வருஷம் என்னைப் போட்டு அடித்துக்கொண்டேன். என் முழங்கால் அப்படித்தான் போயிற்று, நூர்ஜஹான். இதற்கு மார்க் நீயே போட்டுக்கொள்.

இந்த நவம்பரில் இன்னொருத்தி அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள்.

நவம்பர் 29, வெள்ளி

நாளை காலை மோனிஷாவிடம் சொல்லிவிடுவேன். முடிவு.

நவம்பர் 30, சனி

புயல் மழை. போகவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

போனேன். நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்திச் சொல்வது சரியில்லை. எமிலி மிஸ் வேறு கையில் கடிகாரத்தோடு பக்கத்திலேயே நின்றார்.

டிசம்பர் 4, புதன்

வலி 7. இன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஓய்வுநாள், அன்று உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லலாம். வேலையைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சான்றிதழைக் காட்டித்தானே உள்ளே வந்தேன். இருதயராஜுக்காக என்று போன வாரம் எழுதினேனே, அதையும் அரைப் பொய் என்று வைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 6, வெள்ளி

மோனிஷாவின் கால் முறிந்துவிட்டது.

நேற்று மாலை பயிற்சியில், வளைவில் திரும்பும்போது. சத்தம் எமிலி மிஸ்ஸுக்கே கேட்டதாம். கவுன்ட்டரில் இருந்தபோது போன் வந்தது. முன்னால் நின்ற அம்மாவுக்கு மிச்சம் கொடுத்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. பர்மிஷன் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் ஆட்டோவில்.

காலில் கம்பி வைக்க வேண்டுமாம். அவளுடைய அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஒங்க பேரத்தான் எப்பவும் சொல்லும் பாப்பா. அந்தக்கா மாதிரி வரணும், அந்தக்கா மாதிரி வரணும்னு." மோனிஷா மயக்கத்தில் இருந்தாள். நான் அங்கே ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

இருதயராஜிடம் சொன்னேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். விரல் கணக்கு, மணி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கையில் இருந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே இருந்தார், அதில் தண்ணீரே இல்லை.

"எனக்குத் தெரியும் பிலோ" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"அன்னைக்கு சாயங்காலமே தெரியும். பக்கத்துல உக்காந்து எண்ணுன பையன் சீட்டையும் என் சீட்டையும் வச்சுப் பாத்தேன். நீ ஒருத்தியத் தாண்டிப் போனப்ப ரெண்டு பேருக்கும் சேத்து உனக்கே ரெண்டு கோடு போட்டுருக்கேன். அதுக்குள்ள ஒன்னத் தூக்கி வச்சு ஆடிட்டு இருந்தாங்க. போயி சொல்லலாம்னு கிட்டக்க வந்தேன். நீ சிரிச்ச. கையக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"அப்ப ஊரெல்லாம் மணியடிச்ச கதை சொன்னீங்களே?"

"நீ சந்தேகப்படக் கூடாதுன்னுதான் சொன்னேன். உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்டி."

கோபம் வந்தது. என்ன மனுஷன் இவர்! பதினைந்து வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, எனக்குத் தெரியாது என்று அவரும், அவருக்குத் தெரியாது என்று நானும். நீங்கள் அன்றைக்கே சொல்லியிருந்தால் என் கால் மிச்சமாகியிருக்கும் என்று கத்தினேன். "நீ அன்னைக்கே சொல்லியிருந்தாலும் மிச்சமாயிருக்கும்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு இரண்டு பேரும் மிச்சத் துணியைக் காயப்போட்டோம்.

டிசம்பர் 10, செவ்வாய்

மோனிஷாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அம்மா காபி வாங்கப் போயிருந்த நேரம்.

"அந்த ரெக்கார்டு ஓட்டத்துல நான் ஓடுனது இருபத்தஞ்சு சுத்து இல்ல மோனிஷா. இருபத்துநாலு."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் உதடுகள் அசைந்தன, கணக்குப் போட்டிருப்பாள்.

"அப்ப போன வருஷமே நான் உடைச்சிட்டேனா?"

"ஆமா."

"ஒங்களுக்கு எப்பலேந்து தெரியும்?"

"ஓடும்போதே தெரியும்."

"அன்னைக்கு கிரவுண்டுல கேட்டேனே... எம்பத்தாறுன்னு கையில எழுதிக்கிட்டுத் திரிஞ்சேனே, அப்பவும் தெரியும். காலு வலிச்சதப் பாத்தீங்க. பாத்துட்டு ஐஸ் வைன்னு சொன்னீங்க."

நான் தலையாட்டினேன். மன்னித்துக்கொள் என்று கேட்க வாய் வரவில்லை.

"போங்கக்கா. அம்மா வர்றதுக்குள்ள போயிருங்க. அது ஒங்களக் கும்புட்டாலும் கும்புடும், என்னால பாக்க முடியாது."

டிசம்பர் 14, சனி

விழா முடிந்தது. எழுதிவிட்டுப் படுக்க வேண்டும், உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

சால்வை போட்டார்கள். பத்தொன்பது ஆண்டுகளாக அசையாத சாதனை என்று ஒரு பையன் மைக்கில் முழங்கினான். என்னிடம் மைக்கைக் கொடுத்ததும் எழுதி வைத்திருந்த தாளை எடுத்தேன். படிக்காமல் மடித்துவிட்டுச் சொன்னேன். நான் ஓடியது இருபத்துநான்கு சுற்று. எனக்கு அப்போதே தெரியும். போன வருஷம் இந்தப் போட்டியில் மோனிஷா ஓடிய முப்பத்தாறு பதினான்குதான் ரெக்கார்டு. அவள் பெயரை எழுதுங்கள்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அதிகாரி மைக்கைப் பக்குவமாக வாங்கி, "மேடம் கொஞ்சம் எமோஷனலா இருக்காங்க" என்றார். அப்போது இருதயராஜ் கூட்டத்தில் எழுந்து, நீலச் சட்டை வேர்வையில் ஒட்டிக்கிடக்க, "எமோஷனல் எல்லாம் இல்ல சார், தப்பா எண்ணினது நான்தான்" என்று கத்தினார். சில பையன்கள் சிரித்தார்கள். யாரோ பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

எழுத்தில் கொடுங்கள் என்றார் அதிகாரி. இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். ஜனவரியில் கமிட்டி கூடுமாம். என் அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பினேன். வேலைக்கு என்ன ஆகுமோ தெரியாது. எமிலி மிஸ் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாசல் வரைக்கும் மட்டும் கூட வந்தார். "அவளுக்கு சீட்டு நான் வாங்கிக் குடுத்துருவேன். நீ இனிமே இங்க வராத" என்றார். பத்தொன்பது வருஷத்துக்கு முன் என்னைத் தூக்கி நிறுத்திய கை அது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன், ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

டிசம்பர் 18, புதன்

மோனிஷாவே போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். அரை நாள் லீவு போட்டுப் போனேன்.

கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்திருந்தாள். டாக்டர் ஒன்பது மாதம் என்றிருக்கிறார். ஓட முடியுமா என்பதை அதற்கு அப்புறம்தான் சொல்வாராம்.

"எனக்கு ஒங்க மேல கோவம் போகலக்கா" என்றாள் எடுத்த எடுப்பில்.

"போக வேணாம்."

"முப்பத்தாறு பதினாலு ஒண்ணும் என்னோட நல்ல ஓட்டம் இல்ல. அன்னைக்கு காய்ச்சலோட ஓடுனேன். இந்த வருஷம் எவ்வளவு ஓடியிருப்பேன்னு இனிமே யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது."

அவள் கைப்பேசியை எடுத்து எதையோ தேடினாள். எமிலி மிஸ் அனுப்பிய பழைய பதிவேட்டின் படம்.

"படுத்தே கெடக்கேன்ல, ஒங்க கணக்கையும் போட்டுப் பாத்தேன். இருபத்துநாலு சுத்துக்கு முப்பத்தஞ்சு அம்பத்திரண்டுன்னா, சுத்துக்கு எம்பத்தொம்பது, தொண்ணூறு செகண்டு. இன்னொரு சுத்து ஓடியிருந்தா மொத்தம் முப்பத்தேழு இருபத்தொண்ணு, இருபத்திரண்டு வரும். ஒங்களுக்கு முன்னாடி ரெக்கார்டு என்ன தெரியுமா?"

தெரியாது. ஒருநாளும் பார்த்ததில்லை. என் கண் முப்பத்தைந்து ஐம்பத்திரண்டை விட்டு வேறெங்கும் போனதே இல்லை.

"முப்பத்தெட்டு அஞ்சுக்கா. நீங்க முழுசா ஓடியிருந்தாலும் ஒடைச்சிருப்பீங்க. அதே கப்பு. அதே சர்டிபிகேட்டு, அதே வேலை. எல்லாம் அப்படியே கெடைச்சிருக்கும்."

பக்கத்துப் படுக்கைக்காரம்மா எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"அன்னைக்கு இன்னொரு சுத்து ஓட தெம்பு இருந்துச்சாக்கா?" என்று கேட்டாள் மோனிஷா. குத்திக்காட்டும் குரல் இல்லை. ஓடுகிற ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்கிற குரல்.

இல்லை என்றுதான் இந்த டைரியில்கூட எழுதியிருக்கிறேன். செத்திருப்பேன் என்று எழுதியிருக்கிறேன்.

"இருந்துச்சு" என்றேன்.